இத்தாலி பெர்னார்டின் தாலாட்டு

மம்பாவ் கோப்பிக் கடையில் மாஸ்டரும் நானும் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தபோது ரோட்டில் சவ வேன் போனது. முன்னால் தப்பு மேளம் இல்லை, ஆட்டம் இல்லை. இப்போதெல்லாம் யார் தப்பு அடிக்கிறார்கள்? வேன் கூரையில் ஒலிபெருக்கி கட்டிவிட்டார்கள். அதிலிருந்து ஒரு பெண் குரல், சொல் ஒன்றும் இல்லாமல், வாயை மூடிக்கொண்டு ராகம் இழுத்தபடியே போகும். அன்றும் போனது. கடையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, சிலிப்பரைக் கழற்றித் தள்ளிவிட்டு நின்றார்கள்.

இது தோட்டத்துப் பழக்கம். சவம் போகும்போது உட்கார்ந்திருக்கக் கூடாது, காலில் செருப்பு இருக்கக் கூடாது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது, இது மட்டும் போகவில்லை. நெகிரி செம்பிலானில் இந்தப் பாட்டு காதில் விழுந்தால் போதும், நம் ஆட்களின் கால் தானாக எழுந்துகொள்ளும்.

மாஸ்டர் மட்டும் எழுந்திருக்கவில்லை. ரொட்டியைப் பிய்த்துச் சாம்பாரில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா மனுசன்லா இவரு. செத்தவனுக்கு ஒரு மரியாதை வேணாம்?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. "யோவ், அந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவரே அவருதான்யா. பாடினது நான். உக்காந்து தேத்தண்ணியைக் குடி" என்றேன். அந்த ஆள் என்னை மேலும் கீழும் பார்த்தார். பள்ளிக்கூடக் கேண்டீனில் மீ நூடல்ஸ் பிரட்டும் பொம்பளை, எண்ணெய்க் கறை படிந்த சட்டை. நம்ப அவருக்கு என்ன தலையெழுத்தா?

"விடு புனிதா. முட்டி வலி, எழுந்திரிக்க முடியல, அவ்வளவுதான்" என்றார் மாஸ்டர். வேன் திருப்பத்தில் மறைந்த பிறகு, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "டான்யா கல்யாண டின்னர்ல, பொண்ணு உள்ள வரும்போது, இதை வாசிக்கலாம்னு இருக்கேன். நீ வந்து பாடுவியா?"

மகள் கல்யாணத்தில் சாவுப் பாட்டா? ஆனாலும் "பாடறேன் மாஸ்டர்" என்றுதான் வாயில் வந்தது. ஏன் வந்தது என்று சொல்ல வேண்டுமானால் அந்த மனுசனின் கதையைச் சொல்ல வேண்டும்.

மாஸ்டர் பெர்னார்ட் பிறந்தது ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அம்மா, அப்பா இரண்டு பேரும் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டினார்கள். லயத்து வீட்டு வரிசையின் கடைசியில் ஒரு சின்ன தேவாலயம், மாதம் ஒரு முறை வெள்ளைக்காரச் சாமியார் பூசைக்கு வருவார். அவருக்கு இரண்டு பைத்தியம். ஒன்று இசைத்தட்டு, இன்னொன்று நெஞ்சில் மாட்டிக்கொண்டு துருத்தி மாதிரி இழுத்து வாசிக்கும் அக்கார்டியன். தோட்டத்து ஆட்கள் அதற்கு நெஞ்சுப் பெட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். பூசை முடிந்ததும் பெர்னார்ட் அந்தப் பெட்டிப் பக்கத்திலேயே நிற்பாராம், விரட்டினாலும் போகமாட்டாராம்.

சாமியாரிடம் இருந்த இசைத்தட்டுகளில் பாதி இத்தாலிப் படப் பாட்டு. ஓர் உறையில் இசையமைப்பாளரின் படம் போட்டிருந்தது. கறுப்புக் கண்ணாடி, வெள்ளைச் சட்டை, விரலில் சிகரெட். இந்த ஆள் சினிமாவுக்கும் மெட்டுப் போடுகிறான், ரேடியோவில் வாலிபப் பிள்ளைகள் ஆடுகிற பாட்டுக்கும் மெட்டுப் போடுகிறான் என்று சாமியார் சொன்னாராம். அன்றைக்கே பெர்னார்டுக்குப் புத்தி பேதலித்தது. தானும் அப்படி ஆகவேண்டும்! பால் வாளியைத் தூக்கிக்கொண்டு காலையில் மரத்துக்குப் போகிறவருக்கு வந்த ஆசையைப் பாருங்கள். சாமியார் ஊருக்குத் திரும்பிப் போகும்போது பெட்டியை அவரிடமே கொடுத்துவிட்டுப் போனார். அதன் நெற்றியில் இத்தாலி எழுத்தில் ஏதோ பெயர் பொறித்திருக்கும். அதிலிருந்து அவர் தோட்டத்துக்கே இத்தாலி பெர்னார்ட்.

பேண்ட் தொடங்கினார். சிரம்பானிலிருந்து லிங்கி வரைக்கும் அவர் மேடை ஏறாத தோட்டம் இல்லை. மாரியம்மன் திருவிழா, கல்யாணம், தேர்தல் கூட்டம், மேடை இல்லையென்றால் லோரியின் முதுகு. அப்படி ஒரு திருவிழாவுக்கு எங்கள் தோட்டத்துக்கு வந்தபோதுதான் நான் கோயில் வாசலில் பாடியதைக் கேட்டுவிட்டு, மறுநாளே அப்பாவிடம் வந்து நின்றார். தனியாக வரவில்லை. மனைவி எல்சியையும் கூட்டிக்கொண்டு வந்தார். "உங்க பொண்ணு எந்தத் தோட்டத்துக்குப் பாடப் போனாலும் நான் கூடப் போவேன் மாமா. திரும்பக் கொண்டாந்து விடறது என் பொறுப்பு" என்று எல்சியக்கா சொன்னதால்தான் அப்பா விட்டார். சொன்னபடி செய்தது அந்த அக்கா. அத்தனை ஆண்டும் என் பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் சட்டைகளுக்குப் பித்தான் தைத்துக்கொண்டே வந்தது.

பிறகு கேசட் காலம் வந்தது. மாஸ்டர் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கோலாலம்பூருக்குப் போனார். அவர் போட்ட ஆட்டப் பாட்டுகளை அப்போது மோட்டார் ஓட்டுகிற பையன்கள் எல்லாரும் முணுமுணுத்தார்கள். ரேடியோவிலும் போட்டார்கள். போடும்போது பாடகர் பெயரைச் சொல்வார்கள், எழுதியவர் பெயரைச் சொல்வார்கள், மெட்டுப் போட்டவர் பெயர் வருவதற்குள் செய்தி நேரம் வந்துவிடும். மாஸ்டர் சிரிப்பார். "சினிமா வரட்டும் புனிதா. அப்பறம் பாரு" என்பார்.

சினிமாவும் வந்தது. நம் ஊர் ஆள் ஒருவர் 'எட்டாம் நம்பர் லயம்' என்று ஒரு படம் எடுத்தார். மாஸ்டர் இசை. சரியாக அந்தச் சமயத்தில்தான் எல்சியக்காவுக்கு டான்யா பிறந்தாள். கல்யாணமாகி எத்தனையோ காலம் காத்திருந்து, ஜெபம் செய்து, லிங்கியில் ஒரு நாட்டு வைத்தியரையும் பார்த்துப் பிறந்த பிள்ளை. பிள்ளையா அது? அப்பப்பா, தொண்டை! அழ ஆரம்பித்தால் பக்கத்து லயத்து நாய்கள் எல்லாம் சேர்ந்து குரைக்கும். எல்சியக்கா மடியில் போட்டு ஆட்ட, மாஸ்டர் எதிரில் நின்று நெஞ்சுப் பெட்டியில் எதை எதையோ வாசித்துப் பார்த்தார். எதற்கும் அடங்கவில்லை. கடைசியில் ஒரு மெட்டு. மேலே போய்க்கொண்டே இருந்து, இனிமேல் போக முடியாது என்ற இடத்தில் சட்டென்று கீழே இறங்கும். அந்த இறக்கத்தில் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு பார்த்ததாம். மறுபடி வாசித்தாலும் அதே இறக்கத்தில் நிறுத்தியதாம்.

படத்தில் ஒரு தாலாட்டுக் காட்சி இருந்தது. அந்த மெட்டையே வைத்தார். ஒலிப்பதிவு அன்று பாட்டு எழுதுகிறவர் வரவில்லை. ஸ்டூடியோக்காரன் வேறு கடிகாரத்தைக் காட்டிக்கொண்டே நிற்கிறான். மாஸ்டர் என்னைப் பார்த்து, "வார்த்தை வரல. நீ வாயை மூடிக்கிட்டே பாடு" என்றார். பாடினேன். என் வாழ்க்கையில் ஊரெல்லாம் கேட்ட ஒரே பாட்டு, நான் வாயைத் திறக்காமல் பாடியது.

படம் சிரம்பானில் ஒரு வாரம்கூட ஓடவில்லை. கேசட் மட்டும் தோட்டங்களில் கொஞ்சம் சுற்றியது.

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். ரந்தாவில் சன்னாசி என்று ஒரு பழைய மண்டோர், வேலை ஆட்களை மேய்த்தவர். முரட்டு ஆள், ஆனால் அந்தத் தாலாட்டு என்றால் உருகிவிடுவார். படுக்கையில் விழுந்த பிறகும் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். அவர் போனபோது தப்பு செட்டு வேறொரு தோட்டத்துச் சாவுக்குப் போய்விட்டது. மேளம் இல்லாமல் எப்படித் தூக்குவது? வீரமுத்து அப்போதுதான் புதிதாகச் சவ வேன் வாங்கியிருந்தார். சன்னாசி வீட்டார் மாஸ்டரிடம் வந்து, "அவரு ஆசைப்பட்ட பாட்டையே வேன்ல போட்டுக் கொண்டு போறோம்ங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டார்கள்.

"மனுசன் ஆசைப்பட்டுட்டாரு. போடுங்க" என்றார் மாஸ்டர்.

எல்சியக்கா மட்டும், "ஏங்க, அது பிள்ளைக்குப் போட்ட பாட்டுங்க" என்று சொன்னது. பிள்ளை இடுப்பில் இருந்தது. மாஸ்டர், "பாட்டு என்னா தேய்ஞ்சா போயிடும்?" என்று சிரித்தார்.

தேயவில்லை. வளர்ந்தது. சன்னாசிக்கு லயமே எழுந்து நின்று அழுதது. மெட்டு மேலே போய்க் கீழே இறங்கும் இடத்தில் நெஞ்சை அடைத்துக்கொண்டு இருந்தவர்களும் உடைந்துவிட்டார்கள். அடுத்த சாவுக்கு, "சன்னாசிக்குப் போட்டதைப் போடு வீரமுத்து" என்றார்கள். அதற்கு அடுத்ததற்குக் கேட்கவே இல்லை, அவராகவே போட்டார். வீரமுத்துவைப் பார்த்து லிங்கி வேன், லிங்கியைப் பார்த்துப் போர்ட்டிக்சன் வேன், அதைப் பார்த்துச் சிரம்பான், மலாக்கா. சொல் இல்லாத பாட்டு என்பதால் இந்து வீட்டுக்கும் ஆயிற்று, கிறிஸ்துவர் வீட்டுக்கும் ஆயிற்று. பிறந்த பிள்ளையைத் தூங்க வைக்கப் போட்ட மெட்டு செத்தவர்களைத் தூக்கிக்கொண்டு போனது. நான் உயிரோடு இருக்கும்போதே என் குரல் எத்தனை ஆயிரம் பேரோடு சுடுகாட்டுக்குப் போயிருக்கிறதோ, எனக்கே கணக்குத் தெரியாது.

பிறகுதான் வினை. கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிடுவது குறைந்தது. "நல்ல காரியம்ங்க, சாவுப் பாட்டு செட்டு எதுக்கு" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். நாங்கள் அந்தப் பாட்டை வாசிக்கவே மாட்டோம் என்று சத்தியம் செய்தாலும் கேட்கவில்லை. நாய் வேசம் போட்டால் குரைத்துத்தானே ஆகவேண்டும்! அப்புறம் டீஜே வந்தான், ஒரு பெட்டியில் நூறு பேண்டை அடக்கிக்கொண்டு. மாஸ்டர் ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலைக்குச் சேர்ந்தார். கேட்டைத் திறந்து விடுவது, மூடுவது. கறுப்புக் கண்ணாடியை எங்கே போட்டார் என்று தெரியவில்லை.

அதெல்லாம்கூட அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது ஒன்று உண்டு. டான்யா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, அந்தப் பாட்டு யாருக்குப் போட்டது என்று யாரோ பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார்கள். அவள் பஸ்ஸில் ஏறும்போது கடைசி சீட்டுக் குரங்குகள் அந்த மெட்டை முனகும். உடனே பஸ்ஸில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளும் கால் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நிற்கும். பிணம் போகுதாம். அவள் போய்த் தன் இடத்தில் உட்காரும்வரை நிற்கும். தினமும் இதே கூத்து. ஒரு நாள் அவள் வீட்டுக்கு வந்து பையை வீசி எறிந்துவிட்டு, "இனிமே அந்தப் பாட்டு இந்த வீட்டுல கேட்டுச்சின்னா நான் சாப்பிட மாட்டேன்" என்றாள். மாஸ்டர் அதற்குப் பிறகு அந்த மெட்டைத் தொடவில்லை. வீட்டில் மட்டும் இல்லை, எங்கேயும் தொடவில்லை.

எல்சியக்கா இறந்து போனபோது வந்த சவ வேன் டிரைவருக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது. வழக்கம்போலப் பாட்டைப் போட்டான். டான்யா வேனின் கதவருகே போய், "ஓஃப் பண்ணுங்க" என்று கத்தினாள். ஓஃப் பண்ணினான். எல்சியக்கா சத்தமே இல்லாமல் போனது. மாஸ்டர் மகளையும் பார்க்கவில்லை, வேனையும் பார்க்கவில்லை. அன்று அவர் முதுகு வளைந்தது, பிறகு நிமிரவே இல்லை. சக்கரை வியாதியில் விரல் நுனி மரத்துப் போனது. பேச்சு குறைந்தது. எது கேட்டாலும் "ம்" அல்லது "விடு புனிதா". இந்த இரண்டு பதிலிலேயே அவர் வண்டி ஓடியது.

இப்படி எதுவுமே வேண்டாம் என்று ஒதுங்கிப் போன மனுசன் ஒன்றே ஒன்று கேட்டால், நான் எப்படி இல்லை என்பேன்?

டான்யா இப்போது சிரம்பானில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவளாகப் பார்த்துப் பிடித்த பையன் ஷங்கர், லிங்கிக்காரன், நல்ல பிள்ளை. அவன் அம்மா மயிலம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரின் மம்பாவ் வீட்டுக்கு டின்னர் விசயம் பேச வந்தார். தேவான் மண்டபம் எது, சாப்பாடு யார், டீஜே யார் என்று எல்லாம் முடிந்த பிறகு மாஸ்டர் தொண்டையைச் செருமினார். பள்ளிக்கூடத்தில் வெளியே போக அனுமதி கேட்கிற பிள்ளை மாதிரி இருந்தார்.

"சம்பந்தி, பொண்ணு மாப்பிள்ளை உள்ள வர்றப்ப நான் ஒரு பாட்டு வாசிக்கிறேன். அவ பொறந்தப்பப் போட்ட மெட்டு."

"தாராளமா வாசிங்க சம்பந்தி. என்னா பாட்டு?"

நான்தான் முனகிக் காட்டினேன். முதல் வரி முடியவில்லை, மயிலம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "முருகா! என்னாங்க இது? என் மவன் கலியாணத்துல சாவுப் பாட்டா? உங்களுக்கு என்னா புத்தி கெட்டுப் போச்சா?"

எனக்கு வந்ததே கோபம். "வார்த்தையை அளந்து பேசுங்கம்மா. உங்க வீட்டுக்காரரு போனப்ப என் குரல்தான் லிங்கி சுடுகாடு வரைக்கும் கூடப் போச்சு. அன்னைக்கி இனிச்சது, இன்னைக்கிக் கசக்குதா?"

"அதனாலதான் வேணாம்ங்கிறேன்!" என்றார் மயிலம்மாள். கோபத்தில் தொடங்கிய குரல் பாதியில் உடைந்தது. "அந்தப் பாட்டைக் கேட்டா எனக்கு அவரு முகம்தான் தெரியுது. வேன் கதவைச் சாத்துனது தெரியுது. மவன் மாலையோட வர்றப்ப நான் அதையாங்க பாக்கணும்?"

அந்த அம்மாள் சொன்னதில் என்ன தப்பு? எல்லாரும் டான்யாவைப் பார்த்தோம். அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டு, "வேணாம்ப்பா" என்றாள்.

"சரிம்மா" என்றார் மாஸ்டர். அவ்வளவுதான். சம்பந்திக்குத் தேத்தண்ணி ஆறிவிட்டது என்று வேறு கலக்கிக்கொண்டு வந்தார்.

அவர்கள் போன பிறகு வாசல் படியில் உட்கார்ந்தார். "கேட்டதே தப்பு புனிதா" என்றார். பிறகு, யாரிடமோ சொல்கிற மாதிரி, "வந்த பிள்ளைக்குப் போட்டேன். போறவங்க எடுத்துக்கிட்டாங்க. நான்தான குடுத்தேன், யாரைக் குத்தம் சொல்ல முடியும்? ஒரு நாள் திருப்பிக் குடுங்கன்னு கேட்டேன். ஒரே ஒரு நாள். அதுவும் இல்லன்னா போவட்டும். அலுத்துப் போச்சு" என்றார். அவர் அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போல இருந்தது.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் என் அக்கா மகள் ரோகினிக்குப் பிள்ளை பிறந்தது. பார்க்கப் போனேன். போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சித்தி, எனக்குப் பயமா இருக்கு. வேற வார்டுக்கு மாத்தச் சொல்லுங்க" என்றாள். என்னடி என்றால், ஒரு நர்ஸ் பச்சைப் பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு சவ வேன் பாட்டை முனகுகிறாளாம். "பொறந்த பிள்ளைக்கிட்டப் போயி அதைப் பாடுவாங்களாலா? அதுவும் என் பிள்ளை, அவங்க பாடுனாத்தான் அழுகையை நிறுத்துது!"

யார் அந்த நர்ஸ் என்று நான் கேட்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டான்யா நின்றுகொண்டிருந்தாள். தோளில் ஒரு பிள்ளை. உதடு மூடியிருந்தது. தொண்டை மட்டும் அசைந்தது.

வேலை முடியும்வரை காத்திருந்து கேண்டீனில் பிடித்து உட்கார வைத்தேன். சொன்னேன்.

"நானா? சும்மா இருங்க ஆண்ட்டி. அந்தப் பாட்டையா? நானா?"

"நீதான்டி. என் காதால கேட்டேன். என் பாட்டு எனக்குத் தெரியாதா?"

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "பிள்ளைங்க அழுதா ஏதோ வாயில வரும். என்னா பாட்டுன்னு நான் யோசிச்சதே இல்ல." மிலோவைக் கலக்கினாள். "கீழ எறங்கும்ல ஆண்ட்டி, அந்த எடம். அங்கதான் எல்லாப் பிள்ளையும் நிறுத்தும்."

"நீயும் அங்கதான் நிறுத்துன" என்றேன். அதோடு எழுந்துகொண்டேன். நான் வாயாடிதான், ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ரோகினியை மட்டும் போய் நன்றாகத் திட்டிவிட்டு வந்தேன்.

கல்யாணத்தன்று காலையில் தேவாலயம், சாயங்காலம் சிரம்பான் தேவானில் டின்னர். மதியம் எனக்குப் போன் வந்தது. "ஆண்ட்டி, அப்பாவை நெஞ்சுப் பெட்டியோட கூட்டிக்கிட்டு வாங்க. ஷங்கர்கிட்டச் சொல்லிட்டேன். அத்தைகிட்டச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. நீங்களும் சொல்லாதீங்க, ப்ளீஸ்."

மாஸ்டர் சந்தோசப்படுவார் என்று பார்த்தால், மனுசன் பயந்தார். "அவளேதான் சொன்னாளா? நீ ஏதாச்சும் போட்டுக் குடுத்தியா? வேணாம் புனிதா, நாலு பேருக்கு முன்னால பிள்ளைக்கு அவமானமாப் போயிடும். பஸ்ஸுல பட்டது போதாதா?" வழி முழுக்க இதையே சொன்னார். காடியை விட்டு இறங்கும்போதும், "அவளேதான?" என்றார்.

தேவான் நிறைய ஆட்கள். பாதிப் பேர் ரந்தாவ், லிங்கி தோட்டங்களிலிருந்து வந்த பழைய முகங்கள். டான்யாவோடு வேலை செய்யும் சீனப் பெண்கள் இரண்டு மேசை. முன் மேசையில் மயிலம்மாள் பட்டுச் சேலையில், எல்லாரையும் சாப்பிடச் சொல்லிக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். டீஜே பாட்டை நிறுத்தினான். மேடை ஓரத்தில் மாஸ்டர் பெட்டியை நெஞ்சில் மாட்டிக்கொண்டார். விரல்களை ஒன்றோடு ஒன்று தேய்த்துச் சூடு பண்ணினார். கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு இதை வாசிக்க அவரால் முடியாது என்று நினைக்கிறேன்.

வாசித்தார். மரத்துப்போன விரல்தான், ஒன்றிரண்டு இடத்தில் வழுக்கியது. ஆனாலும் மெட்டு மெட்டாகவே வந்தது. நான் வாயை மூடிக்கொண்டு சேர்ந்தேன்.

முதலில் கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு கடைசி மேசையில் ஒரு கிழவர் எழுந்தார். அவர் பக்கத்து ஆள் எழுந்தார். அப்புறம் கேட்க வேண்டுமா! தேவான் முழுவதும் நாற்காலிகள் தரையில் கரகரவென்று இழுபட்டன. யாரும் யோசித்து எழவில்லை. கால் எழுந்தது, அவர்களும் எழுந்தார்கள். சிலிப்பரையும் சப்பாத்தையும் தள்ளிவிட்டார்கள். இந்தியர் கல்யாணத்தில் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துச் சீனப் பெண்களும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார்கள். மயிலம்மாளும் வெறுங்காலோடு எழுந்துவிட்டார். எழுந்த பிறகுதான் தான் எங்கே இருக்கிறோம் என்பது உறைத்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மூடிய கண்ணோடு மாஸ்டருக்குக் கேட்டது நாற்காலிச் சத்தம் மட்டும்தான். மேலே போய்க்கொண்டிருந்த மெட்டை, இறங்குவதற்கு முன்னாலேயே, அப்படியே நிறுத்திவிட்டார். பெட்டி ஒரு பெருமூச்சு விட்டு மூடிக்கொண்டது. கண்ணைத் திறக்காமலே தோள் வாரைக் கழற்றத் தொடங்கினார்.

"எல்லாரும் எழுந்திரிச்சுப் போறாங்க புனிதா" என்றார். "சொன்னேன்ல."

நான் வாசலைப் பார்த்தேன். டான்யா மாலையோடு ஷங்கர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு முன்னால் தேவான் முழுக்க வெறுங்காலோடு, கை கட்டி, சத்தம் இல்லாமல், அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதே மெட்டு. அதே பஸ். பாவி, இவளை நானும் சேர்ந்தல்லவா இதில் மாட்டிவிட்டேன், இப்போது திரும்பி ஓடப்போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் ஓடவில்லை. கூட்டத்தை ஒரு முறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். பிறகு குனிந்து, தானும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். ஷங்கரும் கழற்றினான்.

"ஏம்ப்பா நிறுத்திட்டீங்க?" என்று வாசலிலிருந்தே கேட்டாள். அந்த அமைதியில் தேவான் முழுக்கக் கேட்டது. "நான் இன்னும் வந்து சேரலையே."

மாஸ்டர் கண்ணைத் திறந்தார். நிற்கிறவர்களைப் பார்த்தார். ஒருவர்கூடப் போகவில்லை. எல்லாருடைய முகமும் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. முன் மேசையில் மயிலம்மாள் அழுதுகொண்டே, "வாசிங்க சம்பந்தி, பிள்ளை நிக்கிறாள்ல" என்றார்.

அவர் வாரை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மெட்டைக் கீழே இறக்கினார். அவள் வெறுங்காலோடு நடந்து அவர் பக்கத்தில் வந்து சேரும்வரை யாரும் உட்காரவில்லை.